கடலூரிலும் புதுச்சேரியிலும் அடித்துக்கொண்ட பிரிட்டனும் பிரான்சும் எப்படி நட்பு நாடுகள் ஆயின?

ஒரே நாளில் ஆகவில்லை. 1758இல் கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1761இல் புதுச்சேரியைப் பிடித்து இடித்துத் தள்ளி ஆங்கிலேயர் பழிதீர்த்தார்கள். எனக்குக் கொடுமையாகத் தெரிவது 1783தான். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே பூர்வாங்க சமாதானம் கையெழுத்தாகிவிட்டது. செய்தி கப்பலேறி வந்து சேர்வதற்குள், ஜூன் மாதம் கடலூரில் தரையிலும் கடலிலும் வீணாக ஆட்கள் செத்தார்கள்.

நெப்போலியன் வீழ்ந்தபின், 1816இல் புதுச்சேரி மறுபடி பிரான்சின் கைக்குப் போனது. அப்புறம் ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போரில் இரண்டு நாடுகளும் ஒரே அணி. ஆனாலும் உண்மையான திருப்பம் 1904 ஒப்பந்தம். பாசமெல்லாம் இல்லை, பேரம்தான்: எகிப்தில் பிரிட்டனைப் பிரான்ஸ் தொந்தரவு செய்யாது, மொராக்கோவில் பிரான்சைப் பிரிட்டன் தடுக்காது. ராணுவ உதவி பற்றி அதில் வாக்குறுதியே கிடையாது. ஜெர்மனி மீதான பயம்தான் பிறகு அந்த உறவை இறுக்கியது.