கூட்டத்தில் ஏன் இந்த மௌனம்?

கேள்வி: பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பழுதான பாகங்களைக் குறைக்க வழி கேட்டுக் கூட்டம் போட்டால் ஒருவரும் பேசுவதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, பினாங்கு

பதில்: அந்த மௌனத்தை அக்கறையின்மை என்று கருதிவிடாதீர்கள், அம்மா, மேலதிகாரியின் முன்னால் தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற தயக்கமே பெரும்பாலும் வாயைக் கட்டிவிடுகிறது. கூடிப் பேசி யோசனை திரட்டும் முறையைப் பரப்பிய அலெக்ஸ் ஆஸ்போர்ன், யோசனைகள் வரும்போதே அவற்றை எடைபோடக் கூடாது என்று வலியுறுத்தினார். ஆனால் 1958இல் வெளிவந்த யேல் பல்கலைக்கழக ஆய்வில், நால்வர் கூடிப் பேசியதைவிட, நால்வர் தனித்தனியே யோசித்தவற்றைச் சேர்த்தபோதே அதிக யோசனைகள் கிடைத்தன. ஆகவே முதலில் பத்து நிமிடம், பெயரில்லாத சீட்டில், அவரவருக்கு வசதியான மொழியில் எழுதச் சொல்லுங்கள். பேச்சு பிறகு வரட்டும். எந்த இயந்திரத்தில், எந்த ஷிப்டில் பழுது கூடுகிறது என்று குறிப்பாகக் கேளுங்கள். இரவு ஷிப்டுக்காரர்களையும் அவசியம் கேளுங்கள்.