இரண்டு வடிகால்களுக்கு நடுவில்

கேள்வி: நிபோங் திபாலில் முக்கால் ஏக்கர் களிமண் நிலத்தில் மிளகாய் பயிரிடுகிறேன். மழை விட்ட இரண்டாம் நாள், மண்ணில் ஈரம் இருக்கும்போதே செடிகள் வாடித் தொங்குகின்றன. வடிகால்களை எவ்வளவு இடைவெளியில் வெட்டவேண்டும் என்பதைக் கணினியில் ஓடும் ஒரு கணக்கீட்டு மாதிரி சொல்லிவிடும் என்கிறான் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகன். நம்பலாமா?
– ஒரு வாசகர், தென் செபராங் பிறை

பதில்: நம்பலாம், ஆனால் கணினியைத் திறப்பதற்கு முன் உங்கள் மகன் மண்வெட்டியை எடுக்கவேண்டும்.

மண்ணின் துளைகளில் காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டால், ஆக்சிஜன் பரவும் வேகம் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. மூச்சுத் திணறும் வேரால் பக்கத்திலிருக்கும் நீரையும் உறிஞ்ச முடியாததால்தான் இலை தொங்குகிறது.

அமெரிக்காவின் வட கரோலினாவில் வெய்ன் ஸ்காக்ஸ் உருவாக்கிய டிரெயின்மாட் என்ற மாதிரி, இணையாக ஓடும் இரண்டு வடிகால்களின் நடுப்புள்ளியில் மண்ணுக்குள் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்பதை, பெய்த மழை, ஆவியான நீர், வடிந்த நீர் ஆகியவற்றைக் கூட்டிக் கழித்துக் கணக்கிடுகிறது. கடைசியாக வடியும் இடம் அதுதானே! நீர்மட்டம் 30 செ.மீ. ஆழத்துக்கு மேல் எத்தனை செ.மீ. ஏறி நிற்கிறது என்பதை நாள்தோறும் கூட்டிக்கொண்டே வருவார்கள். 10 செ.மீ. ஆழத்தில் மூன்று நாள், 20 செ.மீ. ஆழத்தில் இரண்டு நாள் நின்றால் 60-உம் 20-உம் சேர்ந்து 80. இந்தக் கூட்டுத்தொகை ஏற ஏற விளைச்சல் இறங்கும். அதிலும் ஒரே தொகை பயிரின் எல்லாப் பருவத்திலும் ஒரே அளவு சேதத்தை விளைவிப்பதில்லை.

கணக்கின் உயிர்நாடி, மண் நீரை விடும் வேகம். ஹாலந்தின் ஹூக்ஹௌட் 1940-இல் தந்த சூத்திரப்படி, இந்த வேகம் நான்கு மடங்கானால் வடிகால் இடைவெளி இரண்டு மடங்காகலாம். ஆகவே பக்கத்துத் தோட்டத்து எண்ணைக் கடன் வாங்காதீர்கள். நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கும்வரை உள்ளங்கை அகலத்தில் ஒரு குழி துளைத்து, நீரை இறைத்துவிட்டு, அது மீண்டும் ஊறி ஏறுவதை அளவுகோலும் கைக்கடிகாரமும் கொண்டு குறியுங்கள். நாலைந்து இடங்களில் செய்யுங்கள். ஒரே நிலத்துக்குள்ளேயே எண்கள் பல மடங்கு வேறுபடுவது வழக்கம்.

உங்கள் பகுதி கடலோரத் தாழ்நிலம். கடல் ஏற்றத்தின்போது வெளிக்கால்வாயில் நீர் உயர்ந்து நின்றால், வடிகாலை எவ்வளவு நெருக்கமாக வெட்டினாலும் நீர் போவதற்கு வழியிராது. அந்த உயரத்தையும் அக்டோபர் மழையின்போது அளந்து மகனிடம் கொடுங்கள்.