வாசகர் கேள்வி: கயாக்கில் போய்ப் பறவை பார்க்கலாமா?

ஜனவரியில், சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டில் மாலை நேரம் கயாக் ஓட்டிப் பறவை பார்க்கலாம் என்று மகள் பணம் கட்டிவிட்டாள். எனக்கு வயது 52, நீச்சல் தெரியாது. போகலாமா?
– வாசகி, சேலம்

தாராளமாகப் போங்கள் அம்மா. இரண்டு பேர் உட்காரும் கயாக்காகக் கேளுங்கள். நீங்கள் முன்னால், வழிகாட்டி பின்னால். திசை திருப்புவது பின்னால் இருப்பவர் வேலை. உயிர்காப்புச் சட்டையின் பக்கிள் எல்லாவற்றையும் மாட்டியபிறகு, தோள் பக்கம் பிடித்து மேலே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் தொளதொளவென்று இருக்கிறது என்று அர்த்தம், இறுக்கிக்கொள்ளுங்கள். போட்டோவுக்காக அதைக் கழற்றுகிறவர்களை நான் தண்ணீரில் இறக்குவதே இல்லை.

புதிதாக வருகிறவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் மரக்கிளைதான். சுரபுன்னைக் கிளை தாழ்ந்திருக்கும் குறுகிய வாய்க்காலில், கை தன்னால் போய்க் கிளையைப் பிடிக்கும். கயாக் நமக்காக நிற்காது, அடியிலிருந்து நழுவிப் போய்விடும். கிளையைத் தொடாமல் தலையைக் குனிந்து முன்னால் சாயுங்கள். கரையோரமாகத் தில்லை மரமும் உண்டு, சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் தந்த அதே மரம். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம். கண்ணில் பட்டால் கொஞ்ச நேரத்துக்குப் பார்வையே போகலாம்.

ஒருவேளை விழுந்துவிட்டால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். ஆழம் இல்லாத இடத்திலும் அடியில் சேறு, கால் புதையும். வேரில் ஒட்டியிருக்கும் சிப்பி காலைக் கிழிக்கும். சட்டை உங்களை மிதக்க வைக்கும், கயாக்கைப் பிடித்துக்கொண்டால் போதும்.

போன பிப்ரவரியில் பிச்சாவரத்துக்கு மாலை 4 மணிக்குப் போனோம். கொக்கு, நீர்க்காகம் தவிர ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் அதே நேரத்துக்குப் போன நண்பர், சேற்றில் கூட்டம் கூட்டமாக உள்ளான் பறவைகள் மேய்வதைப் படம் எடுத்து அனுப்பினார். எங்கள் வழிகாட்டி சரியில்லையா?
– வாசகர், நெய்வேலி

வழிகாட்டி மேல் பாதிப் பழி போடலாம். மீதி நிலாவின் வேலை. நிலாவின் இழுப்பால் கடல்நீர் ஏறும் ஏற்றமும் இறங்கும் வற்றமும் நாளுக்கு இரண்டு முறை வரும், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் அது கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். ஆக, நீங்கள் ஏற்றத்தில் போன அதே 4 மணி, அடுத்த வாரம் வற்றமாகிவிட்டது. நம் கடற்கரையில் நீர் ஏறி இறங்குவது ஒரு மீட்டர்கூட இருக்காது. ஆனால் சேற்றுத்தரை சமமாகக் கிடப்பதால், ஒரு சாண் இறங்கினாலே மேய்ச்சல் நிலம் அகலமாகத் திறந்துவிடும். உள்ளான் அங்கேதான் இறங்கும்.

வழிகாட்டியின் பாதி எது என்றால், ஏற்றம் என்று தெரிந்ததும் உங்களை உள் வாய்க்கால்களுக்குள் கூட்டிப்போயிருக்க வேண்டும். தண்ணீர் உயர்ந்திருக்கும்போதுதான் அதற்குள் கயாக் நுழையும். கருந்தலை மீன்கொத்தியை அங்கே பார்க்கலாம். துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சும்மா மிதந்தால், தாழ்ந்த கிளையில் தூங்கும் வக்காவைக்கூட (இரவில் இரைதேடும் கொக்கு இனம்) கண்டுபிடிக்கலாம். எங்கள் வழிகாட்டிகளில் பாதிப்பேர் துடுப்புப் போட்டுப் போட்டே பறவையை விரட்டிவிடுகிறார்கள்.

இன்னொன்று, படகுத்துறையிலிருந்து முதலில் கிழக்கே போகச் சொல்லுங்கள். வெயில் முதுகில் இருக்கும், பறவையின் நிறம் தெரியும். கடல்காற்றை எதிர்த்துப் போவதால் கை வலிக்கும். பரவாயில்லை, களைத்துத் திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடும்.

சூரியன் விழும் நேரத்தில் கொக்குகள் அடைய வரும், வக்கா இரைதேடக் கிளம்பும், மில்லில் ஷிப்ட் மாறுவதைப் போல. அடையும் மரத்தைத் தள்ளி நின்றே பாருங்கள். படத்துக்காகத் துடுப்பால் தண்ணீரை அடித்து அவற்றைக் கிளப்புகிற வழிகாட்டி கிடைத்தால், வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். இருட்டில் அவை மறுபடி இடம் தேடி அலைய வேண்டும்.

பைனாகுலர் 10×42 வாங்கலாமா, 8×42 போதுமா?
– வாசகர், கும்பகோணம்

8×42. ஆடும் கயாக்கில் 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் 10 மடங்கு. அப்புறம், முன்கண்ணாடியின் அகலமான 42 மில்லிமீட்டரை 8-ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். 10 என்றால் 4.2தான். மாலை மங்கலில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். தண்ணீர் புகாததாகப் பார்த்து வாங்குங்கள், கழுத்துவாரைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

கொள்ளிடத்தில் முதலை உண்டு என்கிறார்களே?
– வாசகி, சீர்காழி

உண்டு. அணைக்கரைப் பக்கம் நன்னீரில் இருக்கிறது, சிதம்பரத்தைச் சுற்றிய கிராமக் குளங்களிலும் பிடித்திருக்கிறார்கள். அதனால் கொள்ளிடத்தின் மேல்பக்கம் கயாக் வேண்டவே வேண்டாம், அதுவும் அந்தி நேரத்தில். பிச்சாவரம் காப்புக்காடு, எந்த வாய்க்காலில் போகலாம் என்பதை வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போங்கள். அங்கே பொழுது சாய்ந்தால் கொசு அதிகம், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.