சுங்க வரியில் கட்சிகள் மோதுவது கொள்கைக்காகவா?

இறக்குமதி வரி பற்றியும் பிற நாடுகளுடன் போடும் வர்த்தக ஒப்பந்தங்கள் பற்றியும் கட்சிகள் மோதிக்கொள்வது கொள்கைக்காகவா, அரசியலுக்காகவா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ராயபுரத்தில் குடியிருப்பவன். இராஜாஜி சாலை சுங்க மாளிகைக்கு அருகில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் பல ஆண்டுகளாக, இறக்குமதியாளர்கள் சார்பில் சுங்கத் துறையில் இறக்குமதிப் பில், அதாவது சரக்கு விவர அறிக்கை, தாக்கல் செய்யும் வேலையில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை, ஒரு கட்சி அவையில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அதன் கருத்து பெரும்பாலும் அமைகிறது.

1990களின் முற்பகுதியில், உலக வர்த்தக அமைப்பு உருவாக அடிப்படையான டங்கல் வரைவைக் கடுமையாக எதிர்த்த பாரதிய ஜனதா, வாஜ்பாய் ஆட்சியில், 2001 ஏப்ரலில், அதே அமைப்பின் விதிகளுக்கு இணங்கி இறக்குமதிக்கான அளவுக் கட்டுப்பாடுகளை நீக்கியது. ஆசிய-பசிபிக் நாடுகளின் ‘ஆர்செப்’ தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்துக்கான பேச்சு 2012இல் காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில் தொடங்கியது. 2019 நவம்பரில் பாங்காக்கில் மோடி அதிலிருந்து விலகியபோது, அதற்குள் எதிர்ப்பாளராக மாறியிருந்த காங்கிரஸ் அந்த விலகலைத் தன் வெற்றியாகக் கொண்டாடியது. இடதுசாரிகளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தான 2009இல் கேரளத்தில் மனிதச் சங்கிலி அமைத்தவர்கள் ஆர்செப்பையும் எதிர்த்தார்கள். அவர்களோடு உடன்படுகிறேனோ இல்லையோ, அந்த நிலைத்தன்மையை மதிக்கிறேன்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 1993இல் பிரதிநிதிகள் சபையில் 234க்கு 200 என்று நிறைவேறியபோது, ஜனநாயகக் கட்சி அதிபரான கிளின்டனுக்குக் கைகொடுத்தவர்களில் 132 பேர் குடியரசுக் கட்சியினர். அவருடைய சொந்தக் கட்சியினர் 102 பேர்தான். பிறகு அதே ஒப்பந்தத்தைத் திட்டித் திட்டியே குடியரசுக் கட்சியின் டிரம்ப் ஆட்சிக்கு வந்தார். அவர் சீனப் பொருள்கள்மீது போட்ட வரிகளில் பெரும்பாலானவற்றைப் பின்னால் வந்த பைடன் எடுக்கவில்லை.

வரியை அயல்நாடு கட்டும் என்று அங்கே மேடையில் பேசுவார்கள். நாள்தோறும் வரி கட்டவைப்பதையே தொழிலாகக் கொண்டவன் சொல்கிறேன், சுங்கத் துறையில் பணம் கட்டுபவர் இறக்குமதியாளர்தான். அந்தச் சுமையை யார் தலையில் இறக்கிவைப்பது என்பது அதற்குப் பின் நடக்கும் பேரம். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள்மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதமானபோது, பெரியமேட்டில் தோல்பொருள் ஏற்றுமதி செய்யும் என் நண்பரிடம் அமெரிக்க வாங்குநர் முதலில் கேட்டது விலைத் தள்ளுபடியைத்தான்.

ஒப்பந்தம் என்றால் மேடையில் ‘வரிக் குறைப்பு’; எங்கள் மேசையில் அது, சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் பிறப்பிடச் சான்றிதழ். ஆசியான் ஒப்பந்தப்படி, பொருளின் மதிப்பில் 35 சதவீதமாவது அந்த நாடுகளில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. ஒருமுறை சான்றிதழிலிருந்த சரக்கு வகை எண்ணில் ஓர் இலக்கம் பில்லோடு ஒத்துப்போகாததால் எங்கள் கன்டெய்னர் ஒன்பது நாள் மணலி யார்டில் கிடந்தது. சலுகையாக வந்த பணத்தில் பாதி வாடகைக்கே போயிற்று. எந்தக் கட்சிக்காரரும் இந்தச் சான்றிதழ் விதிகளைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

உண்மையான பிளவு விளைவிப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே இருக்கிறது. ஒவ்வொரு கட்சிக்குள்ளும் இரு தரப்பும் உண்டு. பாமாயிலையே பாருங்கள். எங்கள் பகுதியில் ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் இல்லாத சமையலறை குறைவு. பொள்ளாச்சித் தென்னை விவசாயிகளோ அதற்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடுக்கச் சொல்கிறார்கள். 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில்மீதான மொத்த இறக்குமதி வரியை 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக உயர்த்திய அதே ஒன்றிய அரசுதான், எண்ணெய் விலை ஏறியதும் 2025 மே இறுதியில் அதை 16.5 சதவீதமாகக் குறைத்தது. முதல் முடிவு விவசாயிக்கு, இரண்டாவது முடிவு வாங்குபவருக்கு.

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் மாலையில் தேநீர் குடிக்கும் கடைக்காரர் ஒன்றியத்தை ஆளும் அந்தக் கட்சியின் தீவிரத் தொண்டர். கல்லாவுக்கு மேலே கொடி கட்டியிருப்பார். அந்த வரி உயர்வு விவசாயிகளுக்கு நல்லதல்லவா என்று அப்போது கேட்டேன். பதில் சொல்லாமல், பஜ்ஜி போடும் 15 கிலோ எண்ணெய் டின்னின் அன்றைய பில்லை எடுத்து என் முன்னால் வைத்தார்.