தினமும் தண்ணீர் தெளித்தும் என் பால் பைத்தான் (ball python) மலைப்பாம்புக்குத் தோல் துண்டு துண்டாக உரிகிறதே, ஏன்?

தெளிப்பதில்தான் சிக்கல். அந்த ஈரம் வலைமூடி வழியாகச் சீக்கிரமே வெளியேறிவிடும். மேற்பரப்பு மட்டும் நனைந்துகிடந்தால் வயிற்றுச் செதில்கள் பழுப்பேறிப் புண்ணாகும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் இந்தப் பாம்பு பகலில் வளைக்குள் முடங்கிக்கிடப்பது. அதற்குக் காற்றில்தான் ஈரம் வேண்டும், படுக்கையில் அல்ல.

விளக்குக்கு இடம் விட்டு, வலைமூடியில் முக்கால் பங்கை அலுமினியத் தாளால் மூடுங்கள். உப்பு நீக்கிய தேங்காய் நார்த்தூளை 7, 8 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, மூலைகளில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். அடியில் ஈரம் நிற்கும், மேலே காய்ந்திருக்கும். அடித்தூளைப் பிடித்து அழுத்தினால் உருண்டை பிடிக்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. ஈரப்பதமானியைத் தரைமட்டத்தில் வையுங்கள்: 60 முதல் 80 சதவீதம். வெப்பப் பக்கம் 31–33 டிகிரி செல்சியஸ்.

எச்சத்தை அன்றன்றே சுற்றியுள்ள தூளோடு அள்ளிவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தின் வழவழப்பைத் தேய்த்தே எடுக்க வேண்டும். கூண்டுக்குப் பினாயில் வேண்டவே வேண்டாம். பீனால் பாம்புக்கு நஞ்சு. நீர்த்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி போதும். துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே பாம்பை விடுங்கள்.

கண்மேல் தோல் ஒட்டியிருந்தால் தயவுசெய்து பிய்க்காதீர்கள், பார்வையே போகலாம். ஈரப்பாசி வைத்த மறைவிடம் கொடுங்கள். அடுத்த உரிப்பிலும் போகாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.