அறிவியல் துறையில் வழிகாட்டல் திட்டத்துக்கு மாணவர்கள் வராமல் போவது ஏன்?

வன்னியில் பணியாற்றும் இளம் விரிவுரையாளர் ஒருவர் கேட்டிருக்கிறார்: புதுமுக மாணவர்களுக்கான வழிகாட்டல் திட்டத்தின் பொறுப்பு தன்னிடம் தரப்பட்டது, முதற்கூட்டத்துக்கு மண்டபம் நிறைந்தது, இரண்டாவதற்கு ஆறு பேர்தான் வந்தார்கள், எங்கே பிழைத்தது? மல்லாவியில் படித்து வளர்ந்து, பின்னர் ஓர் இரசாயனவியல் துறையில் இதே பொறுப்பைச் சில ஆண்டுகள் சுமந்தவள் என்ற முறையில் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

உங்கள் அறிவித்தலைப் பார்க்காமலே ஓர் ஊகம் சொல்லலாம். "படிப்பில் சிரமப்படுவோருக்கு உதவி" என்ற பொருளில் ஒரு வரி அதில் இருந்திருக்கும். நான் ஒட்டிய முதல் அறிவித்தலிலும் இருந்தது. நம் நாட்டில் அறிவியல் கற்கைநெறிகளுக்கான அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாகப் பகிரப்படுகின்றது என்பதும், வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி நான்கும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளன என்பதும் உங்களுக்குத் தெரியும். "அவள் மாவட்டத்தால் வந்தவள்" என்று காதுபடப் பேசப்படும் ஒரு பிள்ளை, அந்த வரியை வாசித்த பிறகு எல்லாரும் பார்த்திருக்க அந்த அறைக்குள் எப்படி நுழைவாள்?

இந்தச் சிக்கலை மிகத் தெளிவாகக் கண்டவர் அமெரிக்கக் கணிதவியலாளர் யூரி ட்ரைஸ்மன். 1970களில் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர் பலர் சித்தியடையாமல் போனபோது, ஊக்கம் போதாது, குடும்பப் பின்னணி சரியில்லை, பாடசாலையில் அடித்தளம் இல்லை என்று ஆசிரியர்கள் சொன்ன காரணங்களை அப்படியே ஏற்காமல், மாணவர்கள் படிக்கும் இடங்களுக்கே போய் அவர் பார்த்தார். சீன வம்சாவளி மாணவர்கள் தத்தம் கணக்குகளைச் செய்துவிட்டுக் கூடியிருந்து ஒருவர் பிழையை ஒருவர் திருத்திக்கொண்டார்கள். கறுப்பின மாணவர்களோ எவ்வளவு உழைத்தாலும் தனித்தே உழைத்தார்கள். ஆகவே அவர் தொடங்கிய பயிலரங்கு பின்தங்கியோருக்கான மேலதிக வகுப்பாக அமையவில்லை. வழக்கமான வகுப்பில் தரப்படுவதைவிடக் கடினமான கணக்குகளைக் கூடியிருந்து செய்யும் இடமாக, திறமைச் சித்தியை நோக்கி உழைப்பவர்களுக்கான அழைப்பாக அமைந்தது. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்ரி வளாகத்தில், அறிவியல் கற்கும் கறுப்பின மாணவர்களுக்காக 1988இல் உருவான மையர்ஹோஃப் புலமைத் திட்டமும் இதே வழியில்தான் போயிற்று. 1989இல் அதன் முதல் அணியில் 19 பேர் இருந்தார்கள். இன்று வேறு பல்கலைக்கழகங்களும் அதைப் பின்பற்றுகின்றன. முதலாம் ஆண்டு தொடங்குமுன்னரே கோடைகால வகுப்பில் அணியாகச் சேர்த்துவிடுவதும், ஒருவர் தவறினால் மற்றவர்கள் பொறுப்பேற்க வேண்டும் என எதிர்பார்ப்பதும் அதன் உயிர்நாடி.

நம் பக்கத்தில் கூட்டத்தைவிட ஆய்வுகூடத்தில்தான் இந்தக் கூடி உழைக்கும் பழக்கம் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி, நான்கு பேர் கொண்ட குழுவில் முதல் அரையாண்டு முழுவதும் குறிப்புப் புத்தகத்தையே பிடித்துக்கொண்டு நின்றாள். கரைசலைச் சொட்டுச்சொட்டாக விடும் கண்ணாடிக் குழாயான அளவியைப் பிடித்தவர்கள் பையன்கள். அவர்கள் சொல்லும் வாசிப்பை இவள் எழுதுவாள். கைப்பழக்கம் போதாது என்று நானும் நினைத்திருந்தேன், அது என் தவறு. ஒருநாள் இடம் மாறச் சொன்னபோது, செய்முறைத் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில், "மிஸ், இந்த டைட்ரேஷன் எண்டது நியமிப்புத்தானே?" என்று கேட்டாள். உயர்தரத்தில் தமிழில் படித்து 'நியமிப்பு' என்ற சொல்லைக் கரைத்துக் குடித்தவளுக்கு, அவ்வளவு காலமும் அந்த ஆங்கிலச் சொல் வேறொரு பரிசோதனையாகவே தோன்றியிருக்கிறது. "ஓம் பிள்ளை, அதுதான்" என்றேன். முதல் தடவை ஒரு சொட்டுக் கூடிவிட, கரைசல் கடும் இளஞ்சிவப்பாகிவிட்டது, பையன்கள் சிரித்தார்கள். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றோடொன்று ஒத்து வந்தன.

அடுத்த வாரம் முதல் யார் அளவியைப் பிடிப்பது, யார் நிறுப்பது, யார் எழுதுவது என்பதைத் தாளில் எழுதி, கிழமைதோறும் சுழற்சியாக மாற்றினேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் கலைச்சொற்பட்டியல் ஒன்றைச் சுவரில் ஒட்டினோம். தெற்கிலிருந்து வந்த சிங்கள மாணவர்கள்தான் அதை முதலில் படம்பிடித்துக்கொண்டார்கள், அவர்களுக்கும் இதே இடர்தான். மொழிவாரியாகப் பிரிந்து அமரும் பழக்கமும், தாளில் எழுதிய சுழற்சி வந்த பிறகு, ஆய்வுகூடத்துக்குள்ளாவது தளர்ந்தது. உணவுச்சாலையில் தளரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூத்த மாணவர்களை வழிகாட்டிகளாக நியமிப்பதில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பகிடிவதையைக் குற்றமாக்கும் சட்டம் 1998இலேயே வந்துவிட்டது என்றாலும், முதலாம் ஆண்டு மாணவர் ஒருவருக்கு "அண்ணா கூப்பிடுகிறார்" என்ற செய்தி இன்றும் வயிற்றைக் கலக்கும். எனவே வழிகாட்டும் அண்ணாவோ அக்காவோ பகல் நேரத்தில், துறையின் அறையில், கதவு திறந்திருக்கச் சந்திக்க வேண்டும். விடுதியிலும் தொலைபேசியிலும் அழைக்கக்கூடாது என்பதை இரு தரப்புக்கும் முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். அவர்களுக்கு அரை நாள் பயிற்சியும் அவசியம்: அறிவுரை சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பது எப்படி, எந்த விடயத்தை உடனே மாணவ ஆலோசகரிடம் கொண்டுபோக வேண்டும் என்ற இரண்டு மட்டும் போதும்.

துறைத்தலைவரிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. பிரித்தானியாவில் 2005இல் தொடங்கிய அதீனா ஸ்வான் சாசனம் பாலினச் சமத்துவத்துக்காக அறிவியல் துறைகளுக்கு வெண்கல, வெள்ளி, தங்க விருதுகளை வழங்கியபோது, அந்த விண்ணப்பங்களைத் தயாரிக்கும் வேலையே பெரும்பாலும் பெண் விரிவுரையாளர்களின் தலையில் விழுந்தது என்ற விமர்சனம் எழுந்தது. ஆகவே இந்த வழிகாட்டல் பணியையும் உங்கள் கற்பித்தல் மணித்தியாலங்களில் கணக்கிடும்படி கேளுங்கள். இல்லாவிட்டால், இரண்டாம் வருடத்தில் நீங்களே களைத்துவிடுவீர்கள்.

நேரத்தையும் பாருங்கள். நான் முதலில் மாலை நான்கு மணிக்குக் கூட்டம் வைத்தேன். விடுதியில் இடம் கிடைக்காமல் புதுக்குடியிருப்பு, நெடுங்கேணிப் பக்கங்களிலிருந்து வந்துபோகும் பிள்ளைகள் அப்போது பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். உங்கள் ஆறு பேரும் விடுதிப் பிள்ளைகளா என்று கேட்டுப் பாருங்கள்.