கணக்கில் வேகம், எழுதச் சொன்னால் அழுகை

ஏழு வயது மகள், வீட்டுக்கல்வி, பின்னக் கணக்கை மனதிலேயே போடுகிறாள், நோட்டை எடுத்தால் அழுகை என்று எழுதியிருந்தீர்கள். சோம்பலாக இருக்காது. இப்படிப்பட்ட பிள்ளைகள் பலருக்கு மூளை ஓடும் வேகத்துக்குக் கை ஓடாது, கை இன்னும் ஏழு வயதுக் கைதானே! அவள் வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். எழுத்துப் பயிற்சியைத் தனியாக, தினம் பத்து நிமிடம் மட்டும் வையுங்கள்.

அப்புறம், மேல் வகுப்புப் புத்தகத்தை அவசரமாகத் திணிக்காதீர்கள் (நான் அந்தத் தப்பைச் செய்தேன்). அவள் திணறும் கேள்வியாகக் கொடுங்கள். உதாரணத்துக்கு, 2க்கு மேற்பட்ட எல்லா இரட்டை எண்ணும் இரண்டு பகா எண்களின் (1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1ஐவிடப் பெரிய எண்கள்) கூட்டலா? 28 என்றால் 5+23, 11+17. 1742இல் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் இன்னொரு கணித அறிஞரான ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் கிளம்பிய கேள்வி, இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை என்று சொல்லிப் பாருங்கள், நோட்டை அவளே கேட்டாலும் கேட்பாள்.